‘என் படமெல்லாம் எங்கே இருக்குன்னு இது சொல்லவே இல்லையே!’

தீபாவளிக்கு மறுநாள். முறுக்குத் தட்டுக்கும் காலியான காப்பிக் குவளைகளுக்கும் நடுவே அத்தையின் பழைய மடிக்கணினி எங்கள் வீட்டுக் கூடத்தில் திறந்திருந்தது.

“அத்தை, முதல்ல பென் டிரைவ்லேருந்து பூட் பண்ணணும்” என்றேன்.

“பூட்டணுமா? எதைப் பூட்டணும்?”

மாமா சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. ஆனால் அத்தை கேட்டதில் தவறில்லை. கணினியைத் தொடக்குவதைக் குறிக்கும் சொல், தமிழ்க் காதில் கதவை அடைப்பதாகத்தான் விழும். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவருக்கு அப்படித்தான் கேட்கும்.

அந்த மடிக்கணினிக்கு ஏன் இந்தச் சோதனை என்று சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தீபாவளிக்குச் சரியாக ஆறு நாளுக்கு முன்னால். கணினி அன்றே நின்றுவிடாது, ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வராது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புக் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். அத்தையின் மடிக்கணினி அந்தத் தேர்வில் தேறவில்லை. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, மின்கலம்கூட இரண்டு மணி நேரம் தாங்குகிறது. இதைத் தூக்கிப் போடச் சொன்னால் அத்தை கேட்பாரா?

வானொலியில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்கு வீட்டில் மட்டும் வரவில்லை. குளுவாங்கிலிருந்து ஒரு நேயர், சிகாமட்டிலிருந்து இன்னொருவர் என்று அக்டோபர் முழுக்க வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. ‘கம்ப்யூட்டர் செத்துப் போயிடுமாம்மா?’ ‘பிள்ளையோட ஸ்கூல் வேலை எல்லாம் அதுலதான் இருக்கு.’ பாட்டு கேட்க வேண்டிய எண்ணில் இதைக் கேட்கிறார்கள் என்றால், கேட்க வேறு இடம் இல்லை என்று பொருள்.

வழி இருக்கிறது. லினக்ஸ் தொகுப்புகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கணினியிலும் ஓடும். தடங்கல் அதைக் கணினியில் ஏற்றுவதில்தான். அந்த வேலையைச் செய்யும் நிரலுக்குத் தமிழில் ‘நிறுவி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். ஆனால் கணினி உலகத்தில் இதைப்போல் ஓர் இக்கட்டான நிரலைப் பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

மற்ற எந்தச் செயலியையும் நாம் தினம் பயன்படுத்திப் பழகுகிறோம். நிறுவியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். போன முறை என்ன செய்தோம் என்பது நினைவில் இருக்காது. ஏதாவது புரியாவிட்டால் இணையத்தில் தேடலாம் என்றால், தேட வேண்டிய கணினியே அப்போது அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மற்ற செயலியில் தவறாக அழுத்தினால் ‘பின்னால் போ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். இங்கே ஒரு கட்டத்துக்குப் பிறகு அது கிடையாது.

வானொலி எழுத்தும் இப்படித்தான். நேயர் ஒருமுறைதான் கேட்கிறார். நாளிதழைப்போல் திருப்பிப் படிக்க முடியாது. அதனால் ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திதான் வைக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். நிறுவியை எழுதுபவர்களுக்கும் யாராவது அந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கலாம்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்டால், பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஊடகவியல் படித்த கடைசி ஆண்டில் என் ஆய்வுப் பணிக்காக ரெங்கம், லாயாங் லாயாங் பக்கம் இருந்த தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களைப் பேட்டி கண்டேன். பால்மரம் வெட்டியவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள், ஒரு பழைய கங்காணி. பதினொரு பேர், ஏறக்குறைய இருபது மணி நேர ஒலிப்பதிவு. எல்லாம் என் மடிக்கணினியின் இரண்டாம் பகுதியில் பத்திரமாக இருந்தன. ‘டி டிரைவ்ல வச்சா பார்மட் பண்ணினாலும் போகாது’ என்பது அப்போது எங்கள் விடுதியின் வேதவாக்கு. கணினி மெதுவானது. ஓர் இரவு புதிதாக நிறுவ உட்கார்ந்தேன். எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்று சொல்லப்போவதில்லை. அன்றைக்கு எல்லாருடையதும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. திரையில் ‘டி’ என்ற எழுத்தையே காணோம். பகுதி 1, பகுதி 2, பகுதி 3 என்று வரிசை, பக்கத்தில் அளவு. எது எது என்று நான் ஊகித்தேன். ஊகம் தவறு.

அழிந்தது தெரியவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நிறுவி மகிழ்ச்சியாக ‘வாழ்த்துகள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டை எழுத்துக் குறிப்புகளை வைத்து எப்படியோ முடித்துவிட்டேன்; மதிப்பெண்ணும் கிடைத்தது. குரல்கள் போனது போனதுதான். அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை.

பிரதி எடுத்து வைக்காதது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி இத்தனை வருடமாக மனத்தில் நிற்கிறது. அந்தப் பகுதிக்குள் இருபது மணி நேர ஒலிக்கோப்புகள் இருப்பது அந்த நிரலால் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்த விஷயம்தான். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

நிறுவிகள் வந்த வழியைப் பார்த்தால் பதில் கொஞ்சம் புரிகிறது. தொடக்கத்தில் அவற்றை எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் ஒரே கூட்டம். 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் பழைய நிறுவி, நெகிழ்வட்டுக் காலத்து ஆசாமி, தெரிந்தவர்களுக்குத்தான் பேசும். அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதி, 2005 ஜூனில் 3.1 பதிப்போடு வெளியிட்டார்கள். ஆனாலும் அது எழுத்துத் திரைதான். கட்டம் போட்ட கணக்கு நோட்டைப்போல, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் ககரம். கட்டத்துக்குள் அடங்காது. மொழிபெயர்ப்பு கையில் இருந்தாலும் திரையில் காட்ட முடியாத நிலை. 2007 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பில் வரைகலை நிறுவியைச் சேர்த்தார்கள். அந்தப் பதிப்பை 58 மொழிகளில் நிறுவ முடிந்தது. தமிழ், வங்காளம், பஞ்சாபி போன்ற மொழிகளுக்கு அந்த வரைகலைத் திரைதான் வாசல்.

விண்டோஸிலும் தமிழ் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. விண்டோஸ் 2000-இல் யூனிகோட் தமிழ் சேர்ந்தது. ஆனால் அதற்கு அடுத்து வந்த எக்ஸ்பியில்கூட நிறுவி முடித்த பிறகு தமிழ் சரியாகத் தெரியாது. வட்டார அமைப்புக்குள் போய், ‘சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு’ என்ற கட்டத்தில் குறியிட்டு, குறுவட்டைத் திரும்பப் போட வேண்டும். தாய்மொழி வேண்டுமென்றால் ‘சிக்கல்’ என்ற இடத்தில் குறியிட வேண்டிய காலம் அது! குறுவட்டு தொலைந்துபோனவர்கள் கட்டம் கட்டமாகத்தான் தமிழைப் பார்த்தார்கள். விஸ்டா வந்த பிறகே அந்த வேலை தானாக நடந்தது.

நம் நாட்டுக்கு இந்தக் கதையில் பெருமைப்பட இடமுண்டு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1985-இல். பிறகு முரசு அஞ்சல், கைப்பேசிக்குச் செல்லினம், ஆப்பிள் கணினிகளில் இணைமதி எழுத்துரு என்று அது வளர்ந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழைத் தட்டச்சு செய்வதில் மலேசியா முன்வரிசையில் நின்றது.

நிறுவியில் மட்டும் நாம் எங்கே இருக்கிறோம்? லினக்ஸில் மொழியையும் நாட்டையும் சேர்த்து ஓர் அமைப்பு உண்டு: தேதி, பணம், எண் எல்லாம் எப்படிக் காட்டுவது என்று அது சொல்லும். அதன் அடிப்படை நூலகத்தில் தமிழுக்கு இரண்டே நாடுகள்தான்: இந்தியா, இலங்கை. மொழி தமிழ் என்று சொல்லிவிட்டு நாடு மலேசியா என்று தேட ஆரம்பித்தால், ‘மற்றவை’க்குள் போய், ஆசியாவுக்குள் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும், ‘இந்த மொழிக்கும் நாட்டுக்கும் பொருத்தம் இல்லை, வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். ரிங்கிட்டை விட்டுவிட்டு ரூபாயைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். உலக அளவிலான யூனிகோடின் மொழித் தரவுக் களஞ்சியத்தில் மலேசியத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் தனியாக இருக்கின்றன. ஆகவே முடியாத காரியமில்லை. யாரும் உட்கார்ந்து செய்யவில்லை. இங்கே கணினித்துறையில் படிக்கும் ஒரு மாணவருக்கு ஒரு பள்ளி விடுமுறை வேலை இது.

(ஜொகூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 2014 முதல் 2024 முடிய நமக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. எந்த நிறுவியும் அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.)

சரி, தீபாவளிக் கூடத்துக்கு வருவோம். பயன்பாட்டு ஆய்வில் யாக்கோப் நீல்சன் என்பவர் 2000-இல் எழுதிய கட்டுரை ஒன்று புகழ்பெற்றது. ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்றார். எனக்குக் கிடைத்தது மூன்று பேர்: அத்தை, பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராக இருந்த மாமா, எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் முறுக்குத் தின்ன வந்த பக்கத்து வீட்டுப் பையன். விதி ஒன்றுதான்: நான் வாயைத் திறக்கக் கூடாது. வானொலிக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அத்தையின் படங்களையெல்லாம் முன்கூட்டியே வெளி வட்டில் இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. தமிழில் நிறுவக்கூடிய ஒரு லினக்ஸ் தொகுப்பைப் பென் டிரைவில் ஏற்றிக் கையில் கொடுத்தேன்.

மாமா முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். பென் டிரைவிலிருந்து தொடங்க, கணினி விழிக்கும் அந்த ஒரு நொடியில் சரியான விசையை அழுத்த வேண்டும். ஒரு தயாரிப்பில் எஃப்2, இன்னொன்றில் எஃப்12, வேறொன்றில் எஸ்கேப். ஆறு முறை முயன்றார். மிகப் பெரிய தடை நிறுவி தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது. நிறுவியை எழுதியவரால் அதில் எதுவும் செய்ய முடியாது.

அத்தைக்குப் பெயரில் வந்தது வினை. பயனர் பெயர் கேட்ட இடத்தில் மைகார்டில் இருப்பதுபோலவே, இடையில் ‘ஏ/பி’ போட்டு முழுப் பெயரையும் தட்டினார். அரசாங்கப் படிவம் நிரப்பிப் பழகிய கை. நிறுவி மறுத்தது. சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும், அதன்பின் சிறிய எழுத்துகளும் எண்களும் வரலாம் என்று இலக்கணம் சொன்னது. அத்தை பெரிய எழுத்துகளை மாற்றினார். திரும்பவும் மறுப்பு. ‘அந்தச் சாய்கோட்டை எடுங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நம் சமூகத்தில் பாதிப் பேரின் பெயருக்கு நடுவில் ஏ/எல், ஏ/பி இருக்கிறது என்பது அதை எழுதியவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

பையனுக்கு எதுவும் தடை இல்லை. பளபளவென்று அழுத்திக்கொண்டே போனான். வட்டு பிரிக்கும் திரை வந்தது. முதல் தேர்வு, ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருந்தது: ‘வட்டு முழுவதையும் பயன்படுத்து’. அழுத்தினான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் வயிற்றுக்குள் பழைய இரவு ஒன்று புரண்டது. கடைசியாக மாற்றங்களை எழுதவா என்று கேட்டபோது ‘இல்லை’ என்பதே முன்தேர்வாக இருந்ததால் அவன் கை நின்றது. அந்த ஒரு ‘இல்லை’யை அங்கே வைத்த மனிதர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

“இதுல என்ன எழுதியிருக்கு, படிடா” என்று அத்தை எட்டிப் பார்த்தார். எஸ்.டி.ஏ. 1, எஸ்.டி.ஏ. 2, அளவுகள், கோப்பு முறையின் பெயர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“எல்லாம் சரிம்மா. ஆனா, என் படமெல்லாம் எங்கே இருக்குன்னு இது சொல்லவே இல்லையே!”

பத்து வருடத்துக்கு மேலாக நான் சுமந்த கேள்வியை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். ‘எஸ்.டி.ஏ. 2 அழிக்கப்படும்’ என்பது உண்மைதான். அது கணினிக்குத் தெரிந்த உண்மை. ‘இந்தப் பகுதியில் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன, அவை போய்விடும்’ என்பது அத்தைக்குத் தேவையான உண்மை. வட்டில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று பல நிறுவிகள் இப்போதே தேடிப் பார்த்துச் சொல்கின்றன. அதே மூச்சில் படங்களையும் எண்ணிச் சொன்னால் என்ன? வட்டு பூட்டப்பட்டிருந்தால் எண்ண முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்போது ‘உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை’ என்றாவது சொல்லலாமே.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளமில்லாமல், பெரும்பாலும் இரவில், ஒவ்வொரு வரியாகச் செய்கிறார்கள். வரி எந்தத் திரையில் வரும் என்பது பல நேரம் அவர்களுக்கே தெரியாது. ஆங்கில வாக்கியத்தில் ஓர் ஓட்டை விட்டு, அதில் வட்டின் பெயர் வந்து உட்காரும்படி எழுதியிருப்பார்கள். தமிழில் அந்தப் பெயரோடு ‘ஐ’ ஒட்ட வேண்டும், ‘இல்’ ஒட்ட வேண்டும். ஓட்டைக்குள் என்ன வரும் என்று தெரியாமல் எப்படி ஒட்டுவது? பார்ட்டிஷன் என்பதற்கு ‘பிரிவினை’ என்றால் பாகப் பிரிவினை ஞாபகம் வருகிறது. ‘பகிர்வு’ என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. நான் ‘பகுதி’ என்றே சொல்கிறேன். யாரும் சண்டைக்கு வரவில்லை.

உலகத்தில் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஜெர்மனியின் கிளாஸ் குனோப்பர் 2000-இல் கொண்டுவந்த குனாப்பிக்ஸ், நிறுவாமலேயே வட்டிலிருந்து ஓட்டிப் பார்க்க வழி செய்தது. 2006 ஜூனில் உபுண்டு 6.06, ஓட்டிப் பார்த்த திரையிலிருந்தே நிறுவலாம் என்றாக்கியது. வாங்குவதற்கு முன்னால் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல. 2010-இல் அதே உபுண்டு, கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே மீதிக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியது. காத்திருக்கும் நேரம் குறைந்தது. டெபியன், வைஃபை வேலை செய்யத் தேவையான மூடிய நிரல்களை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்ப்பதா என்று பல வருடம் தயங்கி, 2022-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்திச் சேர்க்க முடிவு செய்தது. கொள்கைக்கும் வசதிக்கும் நடந்த இழுபறியில் நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் வைஃபை இல்லாத நிறுவி, தண்ணீர் இல்லாத வீடு.

சறுக்கல்களும் உண்டு. ஃபெடோரா 18-க்காக நிறுவியை முழுதாக மாற்றினார்கள். வரிசையாகக் கேள்வி கேட்காமல், நடுவில் ஒரு கூடம், சுற்றிலும் அறைகள், எந்த அறைக்கும் முதலில் போகலாம் என்ற அமைப்பு. கேட்க அழகாக இருக்கிறது. பணி இழுத்து, வெளியீடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய் 2013 ஜனவரியில் வந்தது. ‘முடிந்தது’ என்ற பொத்தானை இடது மேல் மூலையில் வைத்திருந்தார்கள். பயனர்கள் வலது கீழே தேடினார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42-இன் வொர்க்ஸ்டேஷன் பதிப்பில், படிப்படியாகக் கேட்கும் புதிய நிறுவிக்கு மாறியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம்! சுதந்திரம் கொடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். முதன்முறையாக வீட்டுக்குள் நுழைகிறவருக்கு வேண்டியது ‘இப்படி உட்காருங்க’ என்ற ஒரு சொல்.

நீங்களும் இந்த மாதங்களில் பழைய கணினியில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால், கடையில் கொடுத்தாலும் சரி, முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு அந்த வட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள், கணினியில் செருகியபடி விடாதீர்கள். பிரித்த பகுதிகளுக்கு இப்போதே பெயர் சூட்டிவிடுங்கள். பெயர் இருந்தால் பெரும்பாலான நிறுவிகள் அதைக் காட்டும். வட்டுத் திரை வந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்பிப் பதில் வரும்வரை எதையும் அழுத்தாமல் இருங்கள்.

அத்தையின் மடிக்கணினி அன்று மாலை ஆறு மணிக்குள் புது வேடத்தில் எழுந்துவிட்டது. படங்களைத் தனியாக ஒரு பகுதியில் போட்டு, என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். ‘தொடாதே’ என்று வை என்றார். ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தேன். நாங்கள் மூன்று பேர் முட்டிய இடங்களையும் ஏ/பி கதையையும் எழுதி அந்தத் தொகுப்பை உருவாக்கும் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர், ‘ஏ/பி’ என்றால் என்ன பொருள் என்று கேட்டு எழுதியிருந்தார். விளக்கினேன்.

போன மாதம் ரெங்கத்துக்குப் போனேன். பதினொரு பேரில் எஞ்சியிருக்கும் ஒரு பாட்டி, இப்போது மகள் வீட்டில் தாமானில் இருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவியைப் பக்கத்தில் வைத்து, தோட்டத்துக்கு வந்த கதையைச் சொல்லுங்கள் என்றேன். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கே பூரா சொன்னேனே பாப்பா. நீ எங்க வச்ச?”